தொடாதேங்கோ, அது ரத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை நகரத்துக் கஃபே ஒன்றில் என் மச்சாள் பிளாக் புடிங்கைப் படம் பிடித்தாள். மச்சாள் என்றால் மாமியின் மகள், அப்பாவின் அக்கா பெற்றவள். என்னைப் போல ஐம்பதைத் தொட்டவள். கருங்கல் பலகை மாதிரி ஒரு தட்டு. அதில் சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு கறுப்பு வட்டங்கள், பக்கத்தில் பேரிக்காய்ச் சீவல், மேலே எச்சில் துப்பியதைப் போல ஏதோ நுரை. மச்சாள் கதிரையில் ஏறி நிற்காத குறை. படமெடுத்து முடிவதற்குள் எல்லாம் ஆறிப்போயிற்று. முள்ளுக்கரண்டியால் ஓரத்தைக் கிள்ளி வாயில் வைத்துக் கண்ணை மூடி, "இட்ஸ் ஸோ ஒதென்டிக், என்னடி?" என்றாள்.

நானும் ஒரு விள்ளல் எடுத்துப் பார்த்தேன். சேற்றில் சீனி போட்டு இறுக்கினால் அப்படித்தான் இருக்கும். உலர்ந்த ரத்தத்தூளைத் தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் குழாயில் அடைத்து அவித்தது அது. கொழுப்பு இல்லை, பார்லி இல்லை, மிளகு இல்லை. அதை விற்கிறவனுக்கும் வெட்கமில்லை, தின்கிறவளுக்கும் நாக்கில்லை.

சின்ன வயதில் இந்த ஊருக்கு வந்து, இப்போது முழங்கால் வலியோடும் பெரிய கைப்பேசியோடும் திரிகிற என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். நல்ல பிளாக் புடிங் என்றால் குடலில் அடைத்ததாக இருக்க வேண்டும். வெட்டினால் கறுப்புக்குள்ளே வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு தெரிய வேண்டும், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவுக்காவது. பார்லி பல்லில் தட்டுப்பட வேண்டும். மிளகும் காய்ந்த புதினாவும் மூக்குக்குத் தெரிய வேண்டும். மெல்லிய நெருப்பில், இரும்புத் தாச்சியில், ஓரம் கரகரக்க, நடு மட்டும் மெத்தென்று நிற்கப் பொரிக்க வேண்டும். இந்த ஒக்லாந்தில் அப்படி ஒன்றைச் செய்கிறவன் இப்போது ஒருவன்தான் இருக்கிறான். நான் இருக்கிற நியூ லின்னிலிருந்து மோட்டர்வேயில் தகனினி தாண்டிப் போய் வாங்குகிறேன். இடத்தைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் வரிசையில் நின்று படமெடுப்பீர்கள். பிறகு அவனும் பேரிக்காய் சீவத் தொடங்கிவிடுவான்.

மச்சாளின் வாயில் அந்தத் துண்டு போனபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய அம்மா இதற்காகத்தான் என் அம்மாவை மனிதர்களோடு சேர்க்காமல் விட்டாள். அந்தக் குளிர்காலத்தை நினைவில் வைத்திருக்கிறவர்கள் உங்களில் இரண்டு மூன்று பேராவது இருப்பீர்கள். நீங்களும் அன்று அந்த மண்டபத்தில் கொழுக்கட்டை தின்றவர்கள்தானே.

அப்போது நாங்கள் த்ரீ கிங்ஸில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மரவீடு. யன்னல் ஓரமெல்லாம் பூஞ்சணம் பிடித்துக் கறுத்திருக்கும். காலையில் கண்ணாடியின் உட்பக்கத்தில் தண்ணீர் வழியும். ஈரத் துணியை எங்கே போட்டாலும் ஈரத் துணியாகவே கிடக்கும். எங்களை இந்த நாட்டுக்கு எடுப்பித்தது மாமி. அப்பாவின் அக்கா, அதனால் அம்மாவுக்கு அவள் மச்சாள் முறை. அவளுக்கு மவுண்ட் ராஸ்கிலில் சொந்த வீடு இருந்தது. கம்பளம் போட்ட வீடு. வெள்ளிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, சாமிப் படங்களை வைத்து, எல்லோரையும் கூட்டித் தேவாரம் பாட வைத்ததும் அவள்தான். அவளுக்குக் குரல் இல்லை. ஆனால் யார் குரல் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கிற பதவி இருந்தது.

அப்பா ஊரில் வங்கியில் மேசைக்குப் பின்னால் இருந்தவர். இங்கே ஒரு கடையின் பின்பக்கம் பெட்டி அடுக்கினார். அந்த மானக்கேட்டை அவர் வெளியே யாரிடமும் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினார். அக்காவுக்கு முன்னால் மட்டும் அவருடைய முதுகு தானாக வளையும். "அக்கா சொல்லுறா" என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் அம்மா ஆஸ்பத்திரியில் சில நாட்கள் இருந்தாள். "அம்மாவுக்குக் காய்ச்சல்" என்று அப்பா சொன்னார். மாமியும் அதையே சொன்னாள். எனக்குப் பதினொரு வயது. நம்பினேன். அம்மா திரும்பி வந்தபோது உதடு காகிதம் போல வெளுத்திருந்தது. உள்ளங்கையைப் பார்த்தால் மஞ்சள் தடவினாற்போல இருக்கும். நான்கு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அது காய்ச்சல் இல்லை, எனக்குத் தம்பியோ தங்கையோ வர இருந்து, வராமல் போய், அதோடு அம்மாவின் ரத்தமும் போயிருக்கிறது என்று எனக்குத் தெரிய இருபது வயதுக்கு மேலாயிற்று. ஒரு நாள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது அம்மாவே சொன்னாள். சொல்லிவிட்டு, உப்பு எங்கே என்று கேட்டாள்.

டொக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். அது அம்மாவின் வயிற்றைப் புரட்டியது. விழுங்கியதும் சத்தி எடுத்தாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீர் எழும்பி நாலு வேலை செய்தால் எல்லாம் சரிவரும். படுத்தே கிடந்தால் உப்பிடித்தான்" என்றார். மாமி ஒரு படி மேலே போனாள். "எங்கட ஆக்கள் ஒருத்தரும் இப்பிடி நோஞ்சானா இருந்ததில்லை, தம்பி" என்றாள், அம்மா பக்கத்து அறையில் படுத்திருக்கும்போதே.

ஒரு சனிக்கிழமை தெருமுனைச் சில்லறைக் கடையில், இங்கே டெயரி என்பார்கள், பால் வாங்க நின்றபோது அம்மா அப்படியே சரிந்து விழுந்தாள். கையிலிருந்த பால் போத்தல் உடைந்து பால் ஓடியது. கடைக்காரன் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டான். கொஞ்சம் தெளிந்ததும் அம்மா, "இறைச்சிக் கடைக்குப் போவம் பிள்ளை. எலும்பு வாங்கி சூப் வைச்சுக் குடிச்சாத்தான் சரிவரும்" என்றாள்.

அந்த இறைச்சிக் கடையை நடத்தியவள் ஒரு பெண். வட இங்கிலாந்திலிருந்து வந்தவள். தடித்த கைகள், சிவந்த முகம், கீச்சுக் குரல். நம்மவர்கள் அவளைக் 'குடிகாரி' என்றே சொல்வார்கள். முகம் சிவந்திருக்கிறதாம், புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டானாம், வேறென்ன சாட்சி வேண்டும்? நாளெல்லாம் குளிர் அறைக்குள் போய்ப் போய் வருகிறவளின் முகம் சிவக்காமல் வேறெப்படி இருக்கும் என்று நம்முடைய படித்தவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் தேநீர் தவிர வேறெதையும் குடித்து நான் பார்த்ததில்லை. கெட்ட வார்த்தை பேசுவாள், அது உண்மை. கடன் சொல்லித் திரிகிற ஆண்களை ஏசுவாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் குதிரை லாடம் மாதிரி வளைத்துக் கட்டிய கறுப்பு வளையங்கள் கிடந்தன. மினுமினுவென்று இருந்தன. அம்மா எலும்பை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வட் இஸ் திஸ்?" என்றாள்.

"பிளாக் புடிங், லவ்."

அம்மா என் பக்கம் திரும்பி, "லவ் எண்டு ஏன் சொல்லுறாள்?" என்று மெல்லக் கேட்டாள்.

"எல்லாரையும் அப்பிடித்தான் சொல்லுறவ, அம்மா."

"புடிங் எண்டால் இனிப்புத்தானே?"

நான் கேட்டுச் சொன்னேன். இறைச்சிக்கடைக்காரி கடை அதிரச் சிரித்தாள். "இனிப்பா? ரத்தம், லவ், ரத்தம்! பன்றியின் ரத்தம், கொழுப்பு, பார்லி. என் அப்பா செய்த மாதிரியே." இதை நான் அப்படியே தமிழில் சொன்னேன். அம்மா முகத்தைச் சுளிப்பாள் என்று நினைத்தேன். அவளுடைய கண் விரிந்தது.

ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு ஆட்டை அடித்துப் பங்கு போடுவார்கள். பங்கோடு ரத்தமும் வரும். அதை அவித்து, உதிர்த்து, வெங்காயம் பச்சைமிளகாய் தேங்காய்ப்பூ போட்டு வறை செய்வார்கள். அம்மாவின் வீட்டில் யாராவது மெலிந்திருந்தால் ரத்த வறையைத்தான் முதலில் வைப்பார்களாம். மாமியின் வீட்டிலும் அதே ஆடு, அதே பங்கு, அதே வறைதான். மாமி தின்று வளர்ந்ததும் அதுதான். விமானத்தில் ஏறும்போது அதை மறந்துவிட்டு ஏறினாள்.

"ஆட்டு ரத்தம் இல்லையோ எண்டு கேள்" என்றாள் அம்மா. இல்லை. "அப்ப பண்டிதான்" என்றாள். கைப்பையைத் திறந்து சில்லறையை எண்ணினாள். "சரி. ஒண்டு போடச் சொல்லு."

வீட்டுக்கு வந்ததும் மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் தாச்சியை அடுப்பில் வைத்தாள். விரல் தடிப்பில் வட்டமாக வெட்டிப் போட்டாள். எண்ணெய் விடவில்லை. தன் கொழுப்பிலேயே அது முனகிக்கொண்டு பொரிந்தது. மிளகு வாசம் குசினியிலிருந்த ஈர வாசத்தை அடித்துத் தள்ளிற்று. முதல் துண்டை நின்றபடியே கையால் எடுத்துத் தின்றாள், சூடு பொறுக்காமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டு. பிறகு காலையில் மிஞ்சிய பிட்டை எடுத்து, வெங்காயமும் மிளகாயும் வதக்கி, இரண்டு துண்டை அதற்குள் உதிர்த்துக் கிளறினாள். கறுத்த பிட்டு. வெள்ளைக் கொழுப்பு உருகிப் பிட்டெல்லாம் பளபளத்தது. அதைச் சாப்பிட்ட வாய்க்குத்தான் போன ஞாயிறு அந்தப் பொத்தானைக் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து அப்பா வேலைக்குப் போன பிறகு நாங்கள் பொரித்துச் சாப்பிட்டோம். அப்பா ஃபிரிட்ஜைத் தன் கையால் திறக்கிறவர் இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் அம்மா சுவரைப் பிடிக்காமல் படி ஏறினாள். ஈரத் துணிக் கூடையைத் தானே தூக்கினாள். அப்பா அதைக் கவனித்தார். "பாத்தீரோ, நான் சொன்னனான்தானே, எழும்பி வேலை செய்தால் சரிவரும் எண்டு" என்றார்.

பிறகு ஒரு பிற்பகல் மாமி வந்தாள். ஆடிப்பிறப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கே அது நடுக் குளிரில் வரும். மண்டபத்தில் கூழும் கொழுக்கட்டையும் என்று ஏற்பாடு. கொழுக்கட்டை அம்மாவின் பொறுப்பு, ஏனென்றால் அம்மாவைப் போல ஓரம் மடிக்க யாருக்கும் வராது. மாமி தான் கொண்டுவந்த பயற்றையும் சர்க்கரையையும் மேசையில் வைத்துவிட்டு, தேங்காயை வைக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே தட்டில் வளையம் இருந்தது.

"இதென்னடி, கேக்கோ?" என்று என்னிடம் கேட்டாள்.

"புடிங், மாமி."

"ஓ, புடிங்கோ! சொக்கலட் போல. எனக்கொரு துண்டு வெட்டித் தா பாப்பம்." கத்தியையும் தானே எடுத்துவிட்டாள்.

நான் பேசாமல் நின்றேன். பேசியிருக்கவும் மாட்டேன். தின்னட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அம்மா பின்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"தொடாதேங்கோ மச்சாள்! அது ரத்தம்."

"என்ன ரத்தம்?"

"பண்டி ரத்தம். நான் சாப்பிடுறது. உங்களுக்கு ஒத்துவராது, வைச்சிடுங்கோ."

கத்தி தொட்டியில் விழுந்தது. மாமி கையைக் கழுவினாள். பிறகு மறுபடி கழுவினாள். அவளைத் தீட்டுப்படாமல் காப்பாற்றியவள் அம்மா. பேசாமல் விட்டிருந்தால் மாமி இரண்டு துண்டு தின்று, நல்லாயிருக்கு என்று மூன்றாவதும் கேட்டிருப்பாள். ஆனால் மாமியின் வாயிலிருந்து வந்தது நன்றி இல்லை.

"பண்டி ரத்தம் குடிக்கிற வீட்டிலயோ நான் தண்ணி வாங்கிக் குடிச்சனான்? தம்பிக்குத் தெரியுமோ இது?"

"எனக்கு ரத்தம் இல்லை மச்சாள். உங்களுக்குத் தெரியும்தானே."

"அதுக்கு டொக்டர் தந்த குளிசை இருக்கு. எங்கட மானத்தை வித்தோ ரத்தம் ஏத்துறது?"

மானம்! பிள்ளை போனதைக் காய்ச்சல் என்று சொல்லி மூடியதுதான் அவர்களுடைய மானம்.

அன்றைக்கு அப்பா ஃபிரிட்ஜிலிருந்ததைத் தூக்கி வெளிக் குப்பைத் தொட்டியில் போட்டார். அம்மாவைப் பார்த்துக் கத்தவில்லை. "அக்காவுக்கு என்னெண்டு முகம் குடுக்கிறது?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மாவுக்கு என்னென்று முகம் கொடுப்பது என்ற கேள்வி அவருக்கு வரவேயில்லை.

கொழுக்கட்டையைக் கொண்டுவர வேண்டாம் என்று மாமி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதில் ஒரு நேர்மை இருந்திருக்கும். ஆடிப்பிறப்புச் சனிக்கிழமை அம்மா விடியமுன் எழும்பி, பயறு வறுத்து, மா பிசைந்து, அத்தனையையும் அவித்தாள். ஓரம் ஒவ்வொன்றும் பின்னல் போல இருந்தது. பெரிய தட்டில் அடுக்கி வெள்ளைத் துணியால் மூடி மண்டபத்துக்குக் கொண்டு போனோம். ஒரு அன்ரி தட்டை வாங்கினாள். பூசை முடிந்து பார்த்தால், எங்கள் தட்டு சாப்பாட்டு மேசையில் இல்லை. வாசலில், சப்பாத்துகளைக் கழற்றி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், தரையில் இருந்தது. துணிகூட விலக்கப்படவில்லை. மேசையில் வேறு யாரோ அவசரத்தில் பிடித்த, வெடித்த கொழுக்கட்டைகள். அப்பா அதில் ஒன்றைத் தின்றுகொண்டு நின்றார். தட்டைக் கண்டார், அம்மாவைக் கண்டார், பிறகு கூழ்க் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டார். மற்றவர்களும் கண்டார்கள். உங்கள் தாய்மார்களும் கண்டார்கள். எல்லோருக்கும் அப்போது பார்த்துக் கூழ் சுட்டது.

அம்மா அழுவாள் என்று மாமி எதிர்பார்த்திருக்கலாம். அம்மா குனிந்து தட்டைத் தூக்கினாள். "சப்பாத்தைப் போடு, பிள்ளை" என்றாள்.

தூறல். தட்டின் மேல் என் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தோம். வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். அம்மா கடைத் தெருவுக்குத் திரும்பினாள். இறைச்சிக்கடைக்காரி கடை அடைக்கத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா தட்டைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்துத் துணியை விலக்கினாள். ஒன்றுகூட நசுங்கியிருக்கவில்லை.

"ஈட்," என்றாள். அதற்கு மேல் அவளுக்கு ஆங்கிலம் வரவில்லை. "சொல்லு பிள்ளை, இது எங்கட புடிங் எண்டு. இது இனிப்புத்தான் எண்டும் சொல்லு."

இறைச்சிக்கடைக்காரி கையைத் துடைத்துவிட்டு ஒன்றைத் தின்றாள். இன்னொன்றைத் தின்றாள். மூன்றாவதைத் தின்னாமல் வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தை உற்றுப் பார்த்தாள். "இதெல்லாம் உன் கையாலா?" என்றாள். அம்மா தலையாட்டினாள். "எனக்குக் குடல் கட்ட ஆள் இல்லை. வந்த பையன்களுக்கெல்லாம் விரல் வாழைப்பழம். செவ்வாய்க்கிழமை வருவாயா, லவ்? சம்பளம் உண்டு." பிறகு என்னைப் பார்த்து, "ஏன் அவள் அழுகிறாள்? நான் என்ன தப்பாகச் சொன்னேன்?" என்றாள்.

அம்மா செவ்வாய்க்கிழமை போனாள். பிறகு எல்லாச் செவ்வாயும், வெள்ளியும். ஆம், வெள்ளிக்கிழமையும், மண்டபத்தில் தேவாரம் நடக்கிற அதே வெள்ளி. வாளியில் வரும் ரத்தத்துக்குள் முழங்கை வரை கைவிட்டு, பார்லியும் கொழுப்பும் கலந்து, குடலில் நிரப்பி, நூலால் கட்டுவாள். பள்ளி விட்டு வந்து பின்கதவால் எட்டிப் பார்ப்பேன். இரண்டு பேரும் ஒரு சொல் விளங்காமல் மணிக்கணக்காகக் கதைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பெரிய அண்டாவில் வளையங்கள் மெல்லக் கொதிக்கும். கண்ணாடியெல்லாம் ஆவி. எங்கள் ஊர் ஆட்கள் கடையைக் கடக்கும்போது தெருவின் மறுபக்கத்துக்கு மாறுவார்கள். இரவு வந்து பின்கதவைத் தட்டி ஆட்டிறைச்சி மட்டும் மலிவாகக் கேட்டவர்களும் அவர்கள்தான்.

அப்பா பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். "நீர் அந்த வேலையை விடுற அண்டைக்கு வாறன்" என்றார். அம்மா, "குடையை எடுத்துக்கொண்டு போங்கோ, மழை" என்றாள்.

அவர் போன பிறகு வீட்டில் எனக்குப் பயம் வரவில்லை. வாடகை நேரத்துக்குப் போயிற்று. எனக்குப் புதுக் கம்பளிச் சட்டை வந்தது. அம்மா ஒரு சின்ன ஹீட்டர் வாங்கினாள். டொக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று தன்னையே மெச்சிக்கொண்டார். அம்மா மாத்திரையைத் தொட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அம்மா அதைத் தமிழில் சொன்னபோது நான் மொழிபெயர்க்கவில்லை. அவரிடம் சொல்லி என்ன பயன்?

மரங்கள் பூக்கத் தொடங்கியிருந்த ஒரு மாலையில் அப்பா திரும்பி வந்தார். பெட்டியோடு. அம்மா வேலையை விடவில்லை. அதைப் பற்றி அவர் கேட்கவுமில்லை. அக்கா வீட்டில் எத்தனை நாள் ஒருவர் விருந்தாளியாக இருக்கலாம் என்பதை மாமி அவருக்கு உணர்த்தியிருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். அவர் அன்றைக்கு அதைப் பெருந்தன்மை போல முகத்தில் வைத்துக்கொண்டு வந்தார்.

"சாப்பாடு இருக்கோ?" என்றார்.

"இருங்கோ" என்றாள் அம்மா.

அவருக்குச் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் வைத்தாள். எங்கள் இரண்டு பேருடைய தட்டிலும் அடுப்பிலிருந்து நேராக இறக்கிய கறுப்பு வட்டங்கள். அதன் சத்தம் இன்னும் அடங்கவில்லை. அப்பா பூசணிக்காயைப் பிசைந்தார். எங்கள் தட்டைப் பார்த்தார். அவருடைய மூக்கு அசைந்ததை நான் பார்த்தேன்.

"எனக்கும் அதில ஒரு துண்டு வையுமன்" என்றார். ஏதோ உப்புக் கேட்பது போலச் சாதாரணமாக.

அம்மா தாச்சியை எட்டக்கூட இல்லை. "அதெப்பிடி? இது பண்டி ரத்தம் பொரிச்ச சட்டி. உங்கட தட்டுக்கு வராது. அக்காவைக் கேட்டிட்டுச் சாப்பிடுங்கோ."

அவள் குத்தலாகத்தான் சொன்னாள். எந்த மனிதனுக்கும் அது விளங்கும். அப்பா எழுந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். கையைக் கழுவிவிட்டு நடைவழியில் சுவரில் மாட்டியிருந்த டெலிபோனை எடுத்தார். எண்களைச் சுழற்றுகிற சத்தம் கேட்டது. அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அக்கா, நான்தான்... ஓம், வந்து சேர்ந்திட்டன். அக்கா, ஒரு சின்ன விசயம்..." பிறகு அவருடைய குரல் தணிந்தது. "இல்லை அக்கா... சும்மா கேட்டனான்... ஓம் அக்கா... ஓம்... ஓம்."

திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆறிப்போன பூசணிக்காயைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டார், தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். எனக்கு அன்று அவர்மேல் இரக்கம் வரவில்லை. பின்னாளில் அவர் செத்து, அவரைத் தகனம் செய்தபோதும் அந்த ஒன்றுக்காக மட்டும் வரவில்லை.

தாச்சியில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. அம்மா அதைக் கத்தியால் இரண்டாக வெட்டினாள். ஒரு பாதியை எனக்கு வைத்தாள். மற்றதைத் தான் எடுத்து, மெல்ல, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கரகரவென்று சத்தம் கேட்கத் தின்றாள்.